ரிட்டர்ன் வண்டியில் சென்னைக்கு நாலு டன் அரிசி

மன்னார்குடியிலிருந்து சென்னைக்கு நாலு டன் அரிசி அனுப்ப, 14 அடி வண்டிக்குத் தனி வாடகை 18,000 ரூபாய் சொன்னார்கள். கிலோவுக்கு நாலரை ரூபாய். ஏத்துக்கூலி, இறக்குக்கூலி தனி. தூயமல்லியிலும் மாப்பிள்ளைச் சம்பாவிலும் வாடகை தவிர மற்றச் செலவெல்லாம் போகக் கிலோவுக்கு ஐந்தாறு ரூபாய் நின்றாலே பெரிது. அதில் வாடகையே நாலரை என்றால் வியாபாரம் எனக்கா வண்டிக்காரருக்கா என்று தெரியாது. இப்போது அதே சரக்கு, அதே தூரம், பெரும்பாலும் 10,000 ரூபாயில் போய்ச் சேருகிறது. எல்லாம் ரிட்டர்ன் வண்டிதான், அதாவது இங்கே சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக ஊர் திரும்புகிற வண்டி. எப்படிப் பிடிப்பது, எதைப் பார்ப்பது, எங்கே இது சரிப்படாது என்று எழுதிவைக்கிறேன். நம் பக்கத்திலிருந்து அரிசி, தேங்காய், வாழைத்தார், விளக்கு என்று வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் அந்த 18,000 கொள்ளை விலை இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்த வண்டி உரிமையாளர் ஒருவரோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னை இங்கிருந்து சுமார் 330 கிலோமீட்டர். லோடோடு போகும்போது லிட்டருக்கு ஏழு, காலியாகத் திரும்பும்போது ஒன்பது கிடைக்கும் என்றார். போக 47 லிட்டர், வர 37 லிட்டர். டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் 7,800 ரூபாய் டீசலுக்கே போய்விடுகிறது. விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் சுங்கச்சாவடிகளில் போக ஒருமுறை, வர ஒருமுறை. டிரைவருக்கு இரண்டு நாள் படி. அப்புறம் மாதத் தவணை, இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), டயர் தேய்மானம். காலியாகத் திரும்புகிற செலவையும் சேர்த்துத்தான் நம்மிடம் வாங்குகிறார்கள். வேறு வழியும் இல்லை.

இப்போது ஒரு சென்னை வண்டி மன்னார்குடியில் சரக்கை இறக்கிவிட்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எப்படியும் ஊர் திரும்ப வேண்டும். 37 லிட்டர் எரிந்தே தீரும். நம் நாலு டன்னை ஏற்றினால் கூடுதலாக எரிவது பத்து லிட்டர், ஆயிரம் ரூபாய்க்குள். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் அவருக்கு மிச்சம். அப்படியென்றால் மூவாயிரத்துக்கு வருவாரா என்றால், வர மாட்டார். வரவும் கூடாது. இங்கே வந்த லோடுக்கு அவர் வாங்கிய வாடகையே, திரும்பும்போது ஏதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் குறைத்துப் பேசியதாக இருக்கும். நமக்காக நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு அடுத்த லோடு தள்ளிப்போகிறது. ஆகவே தனி வாடகையில் பாதியிலிருந்து அறுபது சதவீதம் வரை என்பதுதான் நியாயமாகப் படிகிற விலை. என் அனுபவத்தில் அதற்குக் கீழே நெருக்கினால் வேறு பக்கம் இடிக்கும். வழியில் பண்ருட்டியிலோ விழுப்புரத்திலோ இன்னொருவர் சரக்கை நம் அரிசிச் சிப்பங்களின் தலைமேல் ஏற்றிவிடுவார்கள். விடியற்காலை இறங்க வேண்டிய அரிசி சாயங்காலம் இறங்கும்.

சரி, வண்டியை எங்கே பிடிப்பது? நான் தொடங்கியது நம்பர் பிளேட்டிலிருந்து. டிஎன் 49 தஞ்சாவூர், 50 திருவாரூர், 51 நாகப்பட்டினம், 68 கும்பகோணம், 82 மயிலாடுதுறை. இவையெல்லாம் நம் ஊர் வண்டிகள். இங்கிருந்து கிளம்பினால் திரும்பி வருகிற செலவையும் சேர்த்தே கேட்பார்கள். 11 தாம்பரம், 18 செங்குன்றம், 19 செங்கல்பட்டு, 20 திருவள்ளூர், 21 காஞ்சிபுரம். இந்த எண்ணுள்ள வண்டி மன்னார்குடி மொத்த மளிகைக் கடை வாசலிலோ ஹார்டுவேர் கடை குடோனிலோ நின்றால், அது நாளைக்குள் சென்னைப் பக்கம் திரும்பிவிடும். 28 நாமக்கல், 34 திருச்செங்கோடு, 52 சங்ககிரி வண்டிகளை மட்டும் எண்ணை வைத்து நம்பக் கூடாது. அவை ஊருக்கு ஊர் லோடு மாற்றிக்கொண்டே போகிறவை, சொந்த ஊர் பார்க்க மாதக்கணக்கு ஆகும். கைமாறிய வண்டிகளில் பழைய எண் அப்படியே இருக்கும். அதனால் கதவில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரையும் பார்த்துவிட்டு, டிரைவரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுவது.

டெல்டாவுக்குள் வருகிற வண்டிகள் எல்லாமே நமக்கு ஆகாது. அரியலூரிலிருந்து சிமென்ட் ஏற்றி வருகிற வண்டி காலியாகத்தான் திரும்புகிறது, ஆனால் அரியலூருக்கு. புதுக்கோட்டையிலிருந்து ஜல்லி கொண்டுவருவது டிப்பர், அதில் அரிசி ஏற்ற முடியாது. உர வண்டி, பூச்சிமருந்து வண்டி, மீன் வண்டி எல்லாம் காசில்லாமல் வந்தாலும் வேண்டாம். மிச்சம் நிற்பவை மளிகை, பிளாஸ்டிக் சாமான், எலக்ட்ரிக்கல், பைப், டைல்ஸ், மரச்சாமான் கொண்டுவருகிற வண்டிகள். ஆகவே லாரி புக்கிங் ஆபீஸுக்குப் போவதற்கு முன்னால் கடைக்காரர்களிடம் போனேன். "உங்களுக்கு மெட்ராஸ் லோடு என்னைக்கு வரும், யார் வண்டி?" இதைத்தான் கேட்டேன். ஒரு மொத்த மளிகைக் கடைக்கு வாரம் ஒருமுறை ஒரே வண்டி வருகிறது. ஒரு ஹார்டுவேர் கடைக்கு மாதத்தில் இரண்டு மூன்று. டிரைவர்களின் போன் எண்ணைக் கடைக்காரர்களே கொடுத்தார்கள். அவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. திரும்ப லோடு நிச்சயம் என்றால் அடுத்த முறை வாடகையைக் குறைத்துப் பேசலாமே.

முதலில் கிடைத்த வண்டியை வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். கன்டெய்னர் பாடி, பார்க்கச் சுத்தமாக இருந்தது. கதவைச் சாத்தச் சொல்லிப் பத்து நிமிஷம் வெயிலில் விட்டுத் திறந்தால் குப்பென்று தின்னர் வாசனை. பெயின்ட் டின் ஏதோ ஒழுகியிருக்கிறது. அரிசி எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும், அதுவும் தவிடு நீக்காத சிவப்பரிசி. பொங்கும்போதுதான் தெரியும், அதற்குள் கடைக்காரர் நம்மைத் திட்டி முடித்திருப்பார். இப்போதும் மூடிய பாடி என்றால் இந்தப் பத்து நிமிஷச் சோதனையை விடுவதில்லை.

இரண்டாவது வண்டி ஓபன் பாடி, டிஎன் 19. பைப் இறக்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும்.

"அண்ணே, திரும்பிப் போறப்ப காலியாவா போறீங்க?"

"காலிதான் தம்பி. புரோக்கர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். ராத்திரிக்குள்ள கெடச்சா ஏத்துவேன், இல்லன்னா கெளம்பிருவேன். என்ன லோடு?"

"அரிசி. நாலு டன்."

"எத்தனை எடம் எறக்கணும்?"

வாடகை பற்றிய பேச்சே இன்னும் வரவில்லை, அதற்குள் இந்தக் கேள்வி. அதன் பிறகு நான் பார்த்த எல்லா ரிட்டர்ன் டிரைவர்களும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஏற்ற எவ்வளவு நேரம், இறக்க எவ்வளவு நேரம், எத்தனை இடம். இந்த மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால் விலை தானாக இறங்குகிறது. அவர் 12,000 கேட்டார். "சரக்கு தச்சு அடுக்கி வாசல்லயே இருக்கு, ஒரு மணி நேரத்துல ஏத்திரலாம், தாம்பரம் பக்கம் ஒரே எடத்துல எறக்கம், ஆள் தயாரா நிப்பாங்க" என்றேன். 10,000த்தில் முடிந்தது. முன்பு சென்னையில் மூன்று கடைகளில் இறக்குவதாகத்தான் திட்டம். அதை மாற்றி, ஒரு கடையில் மொத்தமும் இறக்கி, மற்ற இரண்டு பேருக்கும் அங்கிருந்து குட்டி யானையில் (சின்ன லோடு வண்டி) பிரித்து அனுப்பினேன். அப்படியும் கணக்கு நமக்குச் சாதகம்தான்.

வண்டியின் தளத்தை நானே ஏறிப் பார்த்தேன். பலகை இடுக்கில் வெள்ளைப் பொடி. விரலில் எடுத்துத் தேய்த்தால் வழவழ என்றிருந்தது, சுவருக்குப் பூசுகிற பட்டி. தென்னந்துடைப்பத்தால் இடுக்கு இடுக்காகக் கூட்டினோம். நடுவில் ஒரு பலகை ஈரமாக இருந்தது. அந்த இடத்தில் மட்டும் காய்ந்த வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் தளம் முழுக்கப் படுதா விரித்தோம். வண்டியின் படுதாவை அடியில் போடக் கூடாது. அது மேலே மூடுவதற்கு. அடிப்படுதா நம்முடையதாக இருக்க வேண்டும், களத்தில் நெல் காயப்போடுகிற பழைய படுதா போதும். துருத்திக்கொண்டிருந்த இரண்டு ஆணிகளைச் சுத்தியால் அடித்து மடக்கினோம். பக்கக் கதவுக் கொண்டிகள் இருக்கிற இடத்தில் சாக்கு மடித்துச் செருகினோம். பிளாஸ்டிக் சிப்பம் கொண்டியில் உரசிக் கிழிந்தால் திண்டிவனம் வரைக்கும் ரோட்டில் அரிசிக்கோலம் போட்டுக்கொண்டே போகும்.

லோடுமேன் நாலு பேர். அவர்களிடம் ஒரே நிபந்தனை, கொக்கி போடக் கூடாது. நூறு கிலோ மூட்டைக்குக் கொக்கி சரி, 26 கிலோ சிப்பத்துக்குத் தேவையே இல்லை, பழக்க தோஷத்தில் போடுவார்கள். (26 கிலோ ஏன் என்றால், 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதன் பிறகு சந்தையே 26 கிலோவுக்கு மாறிவிட்டது.) 154 சிப்பம். குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி அடுக்கினால் வளைவில் சாயாது. ஒரு வரிசைக்கு எத்தனை என்று முதலிலேயே பேசிவைத்துக்கொண்டால் எண்ணிக்கையில் சண்டை வராது. கடைசியில் வரிசையை எண்ணிப் பெருக்கினால் முடிந்தது. ஏற்றும் முன் எடைமேடையில் காலி எடை, ஏற்றிய பின் லோடு எடை. இரண்டு சீட்டையும் போட்டோ எடுத்து இறக்குமிடத்துக்கு அனுப்பினேன். இந்த இரண்டு சீட்டுக்கு ஆகிற செலவைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஏற்றுகிற ஒவ்வொரு லோடுக்கும் போடுகிறேன்.

காகிதம் பற்றிக் கொஞ்சம். வரி விலக்குள்ள அரிசிக்கு இ-வே பில் (சரக்கை எடுத்துப்போக ஆன்லைனில் எடுக்கிற சீட்டு) வேண்டாம், பில் ஆஃப் சப்ளை (வரி போடாத சரக்குக்கான பில்) வண்டியில் இருந்தால் போதும். வரியுள்ள பொருள் என்றால் தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இ-வே பில் கட்டாயம், வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல். வண்டியின் ஆர்சி, இன்சூரன்ஸ், எஃப்சி மூன்றையும் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் நம் சரக்குக்கும் சேர்த்துத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, சரக்குக்குத் தனியாக எடுக்க வேண்டும். பில்லில் டிரைவர் பெயர், லைசென்ஸ் எண், சிப்பம் எண்ணிக்கை, பேசிய வாடகை, கொடுத்த அட்வான்ஸ், பாக்கி எல்லாம் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். பாதி இங்கே, பாதி அங்கே இறக்கிய பிறகு. டிரைவரின் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாடகையில் சேராமல் கையில் கொடுப்பது என் வழக்கம். வாடகை உரிமையாளருக்குப் போகிறது, ராத்திரி முழுக்க முழித்து ஓட்டுகிறவருக்கு அதில் எவ்வளவு வரும் என்று நமக்குத் தெரியாது.

போனில் மட்டும் பேசுகிற முகம் தெரியாத புரோக்கர்களிடம் ஜாக்கிரதை. ரிட்டர்ன் வண்டி தஞ்சாவூரில் நிற்கிறது, டோக்கன் அட்வான்ஸ் இரண்டாயிரம் போட்டால் உடனே கிளம்பும் என்பார்கள். ஆர்சி நகல் கூட அனுப்புவார்கள், வேறு யாருடைய வண்டியோ அது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் இப்படித்தான் காசைப் போட்டுவிட்டு ராத்திரி வரை வாசலில் காத்திருந்தார். வண்டி வாசலுக்கு வந்து, எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பணம். உள்ளூர் புக்கிங் ஆபீஸ்காரர் கமிஷன் எடுத்துக்கொள்வது வேறு விஷயம். ஏதாவது தகராறு என்றால் போய் நிற்க அவருக்கு ஒரு கடை இருக்கிறது. அந்தக் கமிஷன் வீண் இல்லை.

அந்த முதல் லோடு சாயங்காலம் கிளம்பி நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல நின்று, கும்பகோணம், பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியாக விடியும் முன் தாம்பரம் போய்விட்டது. சென்னைக்குள் பகலில் சரக்கு வண்டிக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கிற சாலைகள் நிறைய. விடியற்காலையில் இறக்க ஆள் இல்லையென்றால் ராத்திரி வரை வண்டி நிற்க வேண்டிவரும், நிற்கிற நேரத்துக்கு ஹால்டிங் கேட்பார்கள். ஒருநாள் ஹால்டிங்கில் மிச்சம் பிடித்ததில் பாதி கரைந்துவிடும். அதனால் இறக்குக் கூலி ஆட்களுக்கு முதல் நாளே சொல்லி, முன்பணமும் கொடுத்துவிடச் சொல்லியிருந்தேன்.

இதற்கு நேர் எதிர்த் திசையிலும் ஒருமுறை செய்து பார்த்தேன். கோயம்புத்தூரில் வாங்கிய, அரிசியில் கல் நீக்கும் மெஷினை இங்கே கொண்டுவர வேண்டியிருந்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தேங்காய் லாரி லாரியாகக் காங்கேயத்துக்கு, கொப்பரைக் களங்களுக்குப் போகிறது. அதில் நம் ஊர் வண்டிகளும் நிறைய. காய் இறக்கிவிட்டுப் பல வண்டிகள் காலியாகத் திரும்புகின்றன. பேராவூரணியில் ஒரு தேங்காய் வியாபாரியைப் பிடித்து, அவர் வண்டி காங்கேயம் போகிற நாளைக் கேட்டுக்கொண்டேன். மெஷின் விற்றவர் அதைச் சின்ன வண்டியில் காங்கேயம் களத்துக்கு அனுப்பினார். காய் இறங்கியதும் பலகை சாய்த்து மேலே ஏற்றிவிட்டார்கள். தேங்காய் லாரி திருச்சி, தஞ்சாவூர், ஒரத்தநாடு வழியாகப் போகும், மன்னார்குடி அதன் வழியில் இல்லை. வண்டியை நம் ஊருக்குத் திருப்பச் சொன்னால் அங்கேயே விலை ஏறிவிடும். அதனால் ஒரத்தநாட்டில் பழைய லாரி டயர் இரண்டைப் போட்டு அதன்மேல் மெதுவாக இறக்கி, அங்கிருந்து குட்டி யானையில் ஏற்றி வந்தோம். இதில் கவனிக்க வேண்டியது இ-வே பில்தான். வண்டி எண் போட்ட நேரத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒருநாள் என்று கெடு ஓட ஆரம்பிக்கும். ரிட்டர்ன் வண்டியோ இன்று வரும் நாளை வரும் என்று இழுக்கும். விற்பவரிடம் அந்த பில்லில் வண்டி எண் இல்லாத முதல் பகுதியை மட்டும் நிரப்பிவைக்கச் சொல்ல வேண்டும், அது 15 நாள் தாங்கும். சரக்கு நகரும்போதுதான் வண்டி எண் போட வேண்டும், வழியில் வண்டி மாறினால் எண்ணையும் மாற்ற வேண்டும்.

அரை டன்னுக்குக் குறைவான சரக்கு, நாளைக்கே போய்ச் சேர வேண்டிய சரக்கு, இந்த இரண்டுக்கும் ரிட்டர்ன் வண்டி தேடி அலைவது வீண். பார்சல் சர்வீஸில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். நாலு நாள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை என்று சொல்ல முடிகிறவருக்குத்தான் இந்த விலை கிடைக்கும். நான் கடைக்காரர்களுக்குத் தேதி சொல்வதை விட்டுவிட்டேன். "இந்த வாரத்துக்குள்ள" என்றுதான் சொல்கிறேன். அவர்கள் கையில் பத்து நாள் சரக்கு இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

எந்த மாதம் என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறுகிறது. சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் கொள்முதல் நிலையங்களிலிருந்து நெல் நகர ஆரம்பித்தால் ஊரில் ஒரு வண்டி சும்மா நிற்காது. வெளியூர் வண்டிக்காரரும் அப்போது ராஜா. ரிட்டர்ன் என்ற பேச்சுக்கே இடமில்லை, தனி வாடகைதான். குறுவை அறுக்கிற புரட்டாசியிலும் கொஞ்சம் இறுக்கம் இருக்கும். ஆயுத பூஜைக்கு எந்த வண்டியும் நகராது. தீபாவளிக்கு முந்தின சில நாட்களில் நேர் தலைகீழ். எப்படியாவது ஊர் போய்ச் சேர வேண்டும் என்று டிரைவர்கள் துடிப்பார்கள், கேட்ட விலைக்குப் படியும், ஆனால் ஒரு நிமிஷம் நிற்க மாட்டார்கள். சித்திரை முதல் ஆனி வரைதான் நமக்கு நல்ல காலம். நெல் போய்விட்டது, ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து நடவு மும்முரமாக நாளாகும், வீடு கட்டுகிறவர்களுக்கு டைல்ஸும் பைப்பும் வந்துகொண்டே இருக்கும். போன வைகாசியில் ஒரு டைல்ஸ் வண்டிக்காரர் 9,000த்துக்கே வந்தார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வாடகை எவ்வளவு குறைந்தாலும் ஓபன் பாடியில் ஏற்றுவதில்லை. மேலே இரண்டு படுதா போட்டாலும் கயிறு கட்டுகிற மூலையில் தண்ணீர் இறங்கும், ஒரு சிப்பம் நனைந்தால் பக்கத்துச் சிப்பத்துக்கும் பூஞ்சை. மூடிய பாடி வண்டி கிடைக்கும்வரை காத்திருக்கிறேன். தை, மாசிக்கு வேண்டிய சரக்கை மார்கழி கடைசிக்குள் இரண்டு லோடாக அனுப்பி, சென்னைக் கடைக்காரர் குடோனிலேயே வைத்துவிடுகிறேன். குடோனுக்கு மாதம் கொஞ்சம் வாடகை கேட்கிறார். மாசியில் கொடுக்க வேண்டியிருக்கும் தனி வண்டிக் கூலியோடு ஒப்பிட்டால் அது பெரிதாகத் தெரியவில்லை. வண்டு விழாமல் இருக்க நன்றாகக் காய்ந்த நெல்லை அரைத்த அரிசியாகப் பார்த்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.